பதினொன்றாம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த வாரம் வரலாற்று மன்றத்தில் பிள்ளைகள் யூஜெனிக்ஸ் எனப்படும் இனமேம்பாட்டுக் கொள்கையை, அதாவது யார் பிள்ளை பெறலாம், யார் பெறக்கூடாது என்று தீர்மானித்து மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற கொள்கையைப் பற்றிப் படிக்கிறார்கள். கட்டாயக் கருத்தடை, பலாத்காரம் எல்லாம் வருகிற பாடம் இந்த வயதில் தேவையா என்று சிலர் கேட்டீர்கள். தேவை என்பதே என் எண்ணம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்றொரு பெண். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டது அவளை வளர்த்த குடும்பம். அந்தக் குடும்பத்து உறவினன் ஒருவன் அவளைக் கெடுத்தான். பதினேழு வயதில் தாயானாள். வளர்த்தவர்களோ அவளுக்குப் புத்தி குறைவு என்று எழுதிக்கொடுத்து, அவளுடைய தாய் இருந்த காப்பகத்துக்கே அனுப்பிவிட்டார்கள். புத்தி குறைவு என்று முடிவுகட்டப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்து 1924இல் வந்த சட்டம் செல்லுமா என்று சோதிக்க அவளையே தேர்ந்தெடுத்தார்கள். குறை மூன்று தலைமுறையாகத் தொடர்கிறது என்று காட்ட அவள் குழந்தை விவியனும் வேண்டியிருந்தது. ஒரு வயதுகூட நிரம்பாத அந்தக் குழந்தையின் தோற்றத்தில் ஏதோ சரியில்லை என்று சமூகப் பணியாளர் ஒருவர் சாட்சி சொன்னார். 1927இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டத்தை ஏற்றது. "மூன்று தலைமுறை மூடர்கள் போதும்" என்று எழுதினார் நீதிபதி ஹோம்ஸ். அதே ஆண்டு கேரிக்குக் கருத்தடை அறுவை நடந்தது.

விவியன் பள்ளிக்குப் போனாள். 1931இல் நன்றாகப் படிக்கும் மாணவர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மறு ஆண்டு, எட்டு வயதில், நோயில் இறந்தாள்.

ஆசிரியராக என்னை உலுக்குவது அந்தப் பட்டியல்தான். அவளை எடைபோட்டவர்கள் படித்தவர்கள். வறுமையையும் குற்றத்தையும் ஒழிக்கப்போவதாக மனதார நம்பிய சீர்திருத்தக்காரர்களும் இக்கொள்கையை ஆதரித்தார்கள். 1907இல் இந்தியானாவில் தொடங்கிய இத்தகைய சட்டங்களால் அந்நாட்டில் அறுபதாயிரம் பேருக்கு மேல் கருத்தடை செய்யப்பட்டது. வர்ஜீனியா ஆளுநர் வருத்தம் தெரிவித்தது 2002இல். கேரி இறந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து.

சென்ற கூட்டத்தில், மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைத் தனிப் பிரிவில் போடச் சொன்னீர்கள். வர்ஜீனியாவில் நடந்த கொடுமையும் உங்கள் கோரிக்கையும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு பிள்ளை இவ்வளவுதான் என்று முன்கூட்டியே எழுதிவைக்க நான் உடன்பட மாட்டேன். பிரிவுகள் இப்போதுள்ளபடியே தொடரும்.

வெள்ளிக்கிழமை மாலை நடக்கும் கலந்துரையாடலுக்கு நீங்களும் வரலாம். பிள்ளை இதில் கலந்துகொள்வதில் தயக்கம் இருந்தால், அதற்கு முன்பே என்னை நேரில் வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்