போர்முனைக் கடிதங்களின் மறுபாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய சுமார் 25 லட்சம் இந்திய வீரர்களில் ஒருவரான என் பெரியப்பா, 1943 முதல் 1945 வரை பர்மா போர்முனையிலிருந்து தேவிபட்டினத்துக்கு எழுதிய 23 கடிதங்கள் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கின்றன.

தாம் இருக்கும் இடத்தையோ படையின் நடமாட்டத்தையோ எழுதக் கூடாது என்பது தணிக்கை விதி. ஆகவே அவற்றில் போர் அநேகமாக இல்லை. கண்மாய் பெருகியதா, மணியார்டர் வந்து சேர்ந்ததா, தங்கைக்கு வரன் பார்த்தாயிற்றா என்பனவே நிறைந்திருக்கின்றன. "நீங்கள் எழுதியபடி செவலைக் காளையை விற்றது சரிதான்" என்று ஒரு கடிதத்தில் வருகிறது. எழுத்தறியாத அப்பத்தா பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்லி எழுதுவித்த அந்தக் காளைக் கடிதம் பர்மாக் காட்டில் எங்கோ மட்கிப் போயிருக்கும். மகனுக்கு அவர் என்னென்ன எழுதினார் என்பதை மகனின் பதில்களைக் கொண்டுதான் இன்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. (வந்த கடிதங்களைப் படித்துக் காட்டியவரும் அதே வாத்தியார்தான், ராணுவத் தணிக்கைக்கு அடுத்த தணிக்கை அவர் என்று வீட்டில் சொல்வார்கள்.)

முதல் உலகப் போரில் பிரான்சிலிருந்த இந்திய வீரர்களின் கடிதங்களைப் பற்றி ஆய்வாளர்கள் எழுத முடிகிறதென்றால், தணிக்கையாளர்கள் அவற்றின் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தொகுத்த அறிக்கைகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பதே அதற்கு முக்கியக் காரணம். வேவு பார்த்தவர்கள் காத்து வைத்த அளவுக்குக்கூட வீட்டார் நாம் காத்து வைக்கவில்லை.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அஞ்சலகமே சிதைந்து போன கடற்கரை இது. எஞ்சிய தாள்களை உப்புக்காற்றும் கரையானும் அரித்துக்கொண்டிருக்கின்றன. நல்லது செய்வதாக எண்ணி நகரத்துக் கடையொன்றில் நான் லாமினேட் செய்வித்த 2 கடிதங்களில் மை கலங்கி, வரிகள் படிக்க முடியாமல் போயின. இனி உறையைப் பிரித்தால் தாளும் கிழியும்.

இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனை அருங்காட்சியகத்தில் மாதம் ஒரு நாளேனும் இத்தகைய கடிதங்களை ஸ்கேன் செய்து, அசலை அன்றே உரியவரிடம் திருப்பித் தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அசலைக் கேட்டால் எந்தக் குடும்பமும் பெட்டியைத் திறக்காது. தொண்டி முதல் சாயல்குடி வரை வீடுகளில் கிடக்கும் கடிதங்களோடு, பதில் எழுதிய நினைவு இருக்கும் முதியவர்களின் பேச்சையும் அங்கே பதிவு செய்யலாம். முதல் நாளன்றே எங்கள் பெட்டியுடன் வரிசையில் நிற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தேவிபட்டினம்.