கிராம சுகாதாரப் பணியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், வீடு வீடாக நடந்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வேண்டியது ஒன்றுதான்: இன்னொரு பெருந்தொற்று வந்தால் கிராமங்களுக்குக் கைகொடுக்க நாம் தயாராக இருக்கிறோமா?

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது நம்மில் பலரிடம் முகக்கவசம்கூட இல்லை. துணியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் வாசலாகப் போனோம். நாமே நோயைச் சுமந்து வருகிறோம் என்று பயந்து சில வீடுகளில் கதவைத் திறக்கவில்லை. அந்த வலியை மறக்காமல்தான் இவ்வாண்டு ஒத்திகை நடத்தினோம்.

பெட்டியைத் திறந்ததும் முதல் பாடம் கிடைத்தது. விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவிகள் சில எரியவே இல்லை. பேட்டரியைக் கழற்றாமல் வைத்திருந்ததால் கசிந்து, முனைகள் அரித்துப்போயிருந்தன. இனி கழற்றித் தனியே வைத்து, மாதம் ஒருமுறை போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு தவறலாம். கருமையான தோலில் உள்ளதைவிடக் கூட்டியும் காட்டலாம். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் ஆளையும் பார்க்க வேண்டும். அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 90-க்குக் கீழே என்றால் அவசரம்.

மூச்சை எண்ணுவதில்தான் அதிகம் தடுமாறினோம். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தாலே நோயாளியின் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மார்பின் மேல் வைக்க வேண்டும் என்று மூத்த சகோதரி ஒருவர் செய்து காட்டினார். அன்றைய நாளில் நான் கற்ற மிகப் பெரிய விஷயம் அதுதான். பாதுகாப்பு உடையைக் கழற்றும் வரிசையையும் பழகினோம்: கையுறையும் மேலங்கியும் முதலில், முகக்கவசம் கடைசியில், இடையிலும் முடிவிலும் கை கழுவுதல்.

ஆனால் கருவிகளைவிட முக்கியம் நம் வீட்டுப் பதிவேடு. உலகெங்கும் 2019-இல் 71 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் கண்டறியப்பட்டது. 2020-இல் அது 58 லட்சமாகச் சரிந்தது. நோய் குறைந்துவிடவில்லை, கண்டறியும் வேலைதான் முடங்கிப்போனது. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு எப்போது தடுப்பூசி, யார் காசநோய் மருந்தில் இருக்கிறார், யார் தனியே வாழும் முதியவர் என்பதெல்லாம் ஏட்டில் இருந்தால்தான் ஊர் முடங்கும் நாளிலும் யாரைத் தேடிப் போவது என்று தெரியும். பல உறுப்பினர்களின் பதிவேடு பழையதாகவே கிடக்கிறது. இதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

நம் பாதுகாப்பும் ஊதியமும் பேசப்பட வேண்டியவை. செய்யும் வேலைக்கு ஏற்ற ஊதியம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018 வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டி அனுப்பிய மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. மீண்டும் அனுப்புவோம்.

பதிவேட்டை மாதந்தோறும் புதுப்பிக்கவும், ஒத்திகையை ஆண்டுக்கு இருமுறை நடத்தவும் இரு தீர்மானங்களை முன்வைக்கிறேன். அவற்றையும் இவ்வறிக்கையையும் பேரவை ஏற்க வேண்டுகிறேன்.

செயலாளர்