பச்சை பூத்துக் கிடக்கும் ஏரி

கொரட்டூர்,
சென்னை.

அன்புள்ள சிவகாமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு நீ விரும்பிய பள்ளியிலேயே இடம் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். அவருடைய முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

ஏரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்தக் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது, ஆனால் பச்சை பூத்துக் கிடக்கிறது. மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி. செல்லுக்குள் காற்றறைகள் இருப்பதால் அது மேலே மிதந்து வெயிலை எடுத்துக்கொள்கிறது. கீழே இருக்கும் டயாட்டம் என்னும் நுண்பாசிகளுக்கு வெளிச்சம் போய்ச் சேர்வதில்லை. மழைநீர்க் கால்வாயில் வரும் சாக்கடையின் பாஸ்பரஸ்தான் அதற்குத் தீனி. 1973-ல் கனடாவில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தார்களே, நினைவிருக்கிறதா? இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். பாஸ்பரஸும் விழுந்த பாதி மட்டும் பச்சையானது.

நாம் ஆய்வகத்தில் இதயத் துடிப்பை எண்ணிய டாஃப்னியாவை, பாசியைத் தின்னும் அந்த நீர்த்தெள்ளுப் பூச்சியை, இங்கே காண்பதே அரிது. மைக்ரோசிஸ்டிஸ் திரள்கள் அதன் வாய்க்குப் பெரியவை. தின்றாலும் சத்தில்லை, நச்சும் உண்டு. போதாததற்குக் கொசுப்புழுவுக்குத் தெளிக்கும் மருந்தும், பட்டறைக் கழிவில் வரும் செம்பும் மிகச் சிறிய அளவிலேயே அதைக் கொன்றுவிடும். பிராக்கியோனஸ் போன்ற சிற்றுயிர்கள்தான் தாக்குப்பிடிக்கின்றன.

விடியற்காலையில் மீன் செத்து மிதந்தால், யாரோ விஷம் கலந்துவிட்டதாகத் தெருவே பேசுகிறது. பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச நீரின் காரத்தன்மை ஏறி, சாக்கடையின் அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறுகிறது. இரவிலோ பாசியும் சேர்ந்து சுவாசிப்பதால் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகிறது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

குடியிருப்போர் கூட்டத்தில் நடைபாதையும் நீரூற்றும் வேண்டும் என்கிறார்கள். சாக்கடை வரும் வாயை முதலில் அடைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லியிருக்கிறேன். தூர்வாருவது பற்றியும் பேச்சு வந்தது. பல ஆண்டு சேர்ந்த பாஸ்பரஸ் சேற்றில்தான் இருக்கிறது, அதனால் தூர்வாருவதை மறுக்க மனம் வரவில்லை. ஆனால் டாஃப்னியாவின் கெட்டி ஓட்டு முட்டைகளும் அதே சேற்றில்தான் உறங்குகின்றன. 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டதே, அப்படிப்பட்ட வறட்சியையும் தாங்கிக் கிடந்து, தண்ணீர் வந்ததும் பொரிபவை அவை. எல்லாவற்றையும் ஒரேயடியாக லாரியில் ஏற்றிவிட்டால் திரும்ப எங்கிருந்து வரும்? ஒரு பக்கத்தையாவது தொடாமல் விடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கார் சாகுபடிக்குத் தாமிரபரணித் தண்ணீர் திறந்து உங்கள் ஊர்க் குளம் நிறைந்ததும், நீரில் மிதக்கும் சிற்றுயிர்களைப் பிடிக்கும் நம் பழைய மிதவைவலையை ஒருமுறை இழுத்துப் பார். சிறு புட்டியில் பிடித்து, கெடாமலிருக்கச் சில சொட்டு ஃபார்மலின் விட்டு, ஆவணியில் கல்யாணத்துக்கு வரும்போது எடுத்து வா. என் நுண்ணோக்கி இன்னும் நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
மீனாட்சி