பெலும் குகைக்கு வேன் விடுபவர்களுக்கு

சென்னையிலிருந்து வார இறுதிப் பயணம் நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். வெள்ளி இரவு வேன், சனிக்கிழமை ஆந்திராவில் பெலும் குகை, மாலையில் அங்கேயே கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கில் சூரிய அஸ்தமனம். உங்களுக்குப் பழகிய வழிதான். போன வாரம் உங்களில் ஒருவர் நடத்திய பயணத்தில் நானும் என் அம்மாவும் வந்தோம். அம்மாவுக்கு 64 வயது. முழங்கால் வலியும் இளைப்பும் உண்டு என்பதைப் பணம் கட்டும் முன்பே சொன்னேன். "குகைதானே சார், உள்ளே லைட்டெல்லாம் இருக்கு, நடந்து பாத்துட்டு வந்துடலாம்" என்று பதில் வந்தது.

லைட் இருந்தது. புழுக்கத்தைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லை. குகை என்றால் குளிரும் என்று நினைத்து அம்மா சால்வை கொண்டுவந்திருந்தார். கிணறு மாதிரியான அந்த வாயில் படியிறங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் புடவை வியர்வையில் உடம்போடு ஒட்டிக்கொண்டது. வெளிக்காற்றைக் குழாய் வழியாக உள்ளே விடுகிறார்கள். அந்தக் குழாயடியிலேயே அம்மா உட்கார்ந்துவிட்டார், மூச்சு விசிலடித்தது. இன்ஹேலர் வேனில் இருந்தது. "பையெல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும்" என்று சொன்னவர் உங்கள் ஆள்தான். நான் மேலே ஓடிப்போய் எடுத்து வரும்வரை, யாரென்றே தெரியாத ஒரு தெலுங்குப் பெண் தன் முந்தானையால் அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தார். உங்கள் ஆளோ, நேரமாகிறது, அஸ்தமனம் போய்விடும் என்று போனில் அவசரப்படுத்தினார்.

பணம் வாங்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். புழுக்கம், படிகள், குனிந்து போகவேண்டிய இடங்கள், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடை. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

நேரமும் கொடுங்கள். 1884-இல் ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் குறித்துவைத்த குகை அது. 1982-83-இல் டேனியல் கெபவர் தலைமையில் ஜெர்மானியர்கள் வந்து விரிவாக அளந்தார்கள். மொத்தம் 3,229 மீட்டர். தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கரைத்துக் குடைந்த பாதைகள். அதற்கு நீங்கள் ஒதுக்கியது முக்கால் மணி நேரம். ஆழமான இடமான பாதாளகங்கைப் பக்கம் எங்கள் வேனில் வந்த யாருமே போகவில்லை.

குகையில் மட்டும்தானா இப்படி? நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கிறார்கள். சன்னதியில் கண்ணை மூடி நிற்கும் கிழவியைக் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். வயதானவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். அவர்களை மூட்டை மாதிரி ஏற்றி இறக்குவதற்குப் பெயர் சுற்றுலாவா?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பணிவாகவே கேட்கிறேன். அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கும்போது குகையைப் பற்றி உள்ளபடி சொல்லுங்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் கொடுங்கள். மருந்துப் பையைக் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். பாதாளகங்கையைப் பார்க்கவில்லையே என்றுதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் பயணி ஒருவர்