முதல் வீச்சுக்கு முன் பத்து நிமிடம் கொடுங்கள்

தூண்டில் மீன்பிடிக் குழுக்களை நடத்துவோருக்கு,

வணக்கம். புதிதாக வருபவர்களுக்கு முடிச்சுப் போடவும் இரை கோக்கவும் பொறுமையாகச் சொல்லித் தருகிறீர்கள். தூண்டில் முள் மீனில் குத்தாமல் கையில் குத்தினால் என்ன செய்வது என்பதை மட்டும் விட்டுவிடுகிறீர்கள்.

என் மகனுக்கு அப்போது பத்து வயது. அவன் கட்டைவிரலில் முள் ஏறியதும் பக்கத்தில் இருந்தவர் குறடால் பிடித்து வந்த வழியே இழுத்தார். உதவத்தான் நினைத்தார். தோல் கூடாரம் போல எழும்பியது, முள் அசையவில்லை. இரண்டாவது இழுப்பில் சதையைக் கிழித்துக்கொண்டு வந்தது. நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் எதிர்முள், மீனை நழுவவிடாமல் பிடிப்பதற்கென்றே இருப்பது. விரலை மட்டும் விட்டுவிடுமா?

முதலில் முள்ளில் கட்டியிருக்கும் தூண்டில் இழையை வெட்டி, முள்ளில் எந்த இழுப்பும் இல்லாமல் செய்ய வேண்டும். மூன்று முனை முள்ளென்றால் மற்ற முனைகளை டேப்பால் சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் உதவ வந்தவர் கையிலும் ஏறும். கண்ணிலோ இமையிலோ குத்தினால் தொடவே கூடாது. அழுத்தாமல், முள்ளில் படாதபடி ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து ஒட்டி நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகம், கழுத்து, மூட்டு, ஆழமான குத்து எல்லாமே மருத்துவர் வேலைதான்.

கையிலோ காலிலோ மேலாகக் குத்திய ஒற்றை முள்ளுக்கு நூல் முறை உண்டு. முள்ளின் வளைவில் உறுதியான நூலைச் சுற்றி, அதன் நேரான தண்டைத் தோலோடு அழுத்தினால் எதிர்முள் சதையை விட்டு விலகும். அழுத்தியபடியே, தண்டுக்கு இணையாக நூலை ஒரே வெடுக்கில் இழுக்க வேண்டும். தயங்கி இழுத்தால் வராது. முள் பறந்து வரும், எதிரே யாரும் நிற்கக் கூடாது. படித்தால் மட்டும் இது கைக்கு வராது, ஆரஞ்சுப் பழத்தில் முள்ளைக் குத்திப் பழக்கிக் காட்டுங்கள்.

அப்புறம், சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மருத்துவரைக் கேட்க வேண்டும். நீரிலும் மீனிலும் உள்ள கிருமிகள் சிறு துளை வழியாகவும் இறங்கும். சிவப்பு பரவினாலோ வீங்கினாலோ காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றும் கேட்கிறேன். குழந்தைகளிடம் கொடுக்கும் முட்களில் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டுக் கொடுங்கள். ஓரிரு மீன் தப்பிப் போகலாம், போகட்டும். குத்தினாலும் அந்த முள் வந்த வழியே வெளியே வந்துவிடும்.

அன்புடன்,
தூண்டில் பிடிக்கும் ஒரு தாய்