உன் ‘டி’ யார் பேச்சைக் கேட்கிறது?

அன்புள்ள தம்பி,

நேற்று நீ அனுப்பிய ஜாவா கோட் பார்த்தேன். ‘எடு’ என்று ஒரு ஜெனரிக் மெத்தட், அதாவது வகையைக் குறிப்பிட்டுச் சொல்லாமல் அந்த இடத்தில் ‘டி’ என்று எழுதியது. ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) சாவியை வாங்கிக்கொண்டு, அந்தச் சாவிக்கு மேப்பில் இருப்பதை ‘டி’ வகைக்கு காஸ்ட் செய்து, அதாவது ‘இது டி வகைதான்’ என்று சொல்லி, திருப்பித் தருகிறது. ‘அன்செக்டு காஸ்ட்’, அதாவது சோதிக்க முடியாத காஸ்ட் என்று கம்பைலர் முனகியிருக்கிறது. நீ எச்சரிக்கையை மறைக்கும் சப்ரஸ்வார்னிங்ஸ் குறிப்பைப் போட்டு அதன் வாயை அடைத்துவிட்டாய். நானும் அடைத்தவன்தான், அதனால் திட்டவில்லை.

ஆனால் அந்த டி எங்கே வருகிறது என்று பார். வாங்கும் பராமீட்டரில் இல்லை, திருப்பித் தரும் இடத்தில் மட்டும் இருக்கிறது. அப்படியானால் டி எது என்று முடிவு செய்வது மேப்பில் கிடக்கும் பொருள் இல்லை, கூப்பிடுகிற ஆள். அவர் ஸ்ட்ரிங் என்றால் ஸ்ட்ரிங், இன்டிஜர் (முழு எண்) என்றால் இன்டிஜர். எதைக் கேட்டாலும் கம்பைலர் சரி என்கிறது.

ரன் ஆகும்போது உன் காஸ்ட் எதையும் சோதிப்பதில்லை. 2004இல் ஜாவா 5 ஜெனரிக்ஸைக் கொண்டுவந்தபோது, பழைய கோடும் புதியதும் சேர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக வகை விவரத்தை கம்பைல் செய்யும்போதே அழித்துவிடும் வழியை எடுத்தார்கள். உன் டி அங்கே வெறும் ஆப்ஜெக்ட், எதுவாகவும் இருக்கலாம். நிஜமான சோதனை கூப்பிட்ட வரியில் நடக்கிறது, அதுவும் அரைகுறையாக. ஸ்ட்ரிங் லிஸ்ட் கேட்டால், ‘லிஸ்ட்தானா?’ என்று மட்டும் பார்க்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது.

எனக்கு அப்படித்தான் ஆனது. ஸ்ட்ரிங் என்று நம்பிய லிஸ்டில் இன்டிஜர்கள் இருந்தன. எடுத்த இடத்தில் சத்தமே இல்லை. மூன்று ஃபைல் தள்ளி, ஒரு அப்பாவி ஃபார் லூப்பில் ‘வகை பொருந்தவில்லை’ என்னும் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் வெடித்தது. அந்த லூப்பையே அரை நாள் முறைத்துக்கொண்டிருந்தேன்.

இனி இப்படிச் செய்: எந்த வகை என்று சொல்லும் கிளாஸ் ஆப்ஜெக்டையும் பராமீட்டராக வாங்கி, அதன் காஸ்ட் மெத்தடைக் கூப்பிடு. தப்பான வகை வந்தால் அங்கேயே மாட்டும். ஸ்ட்ரிங், இன்டிஜருக்கு இது போதும். லிஸ்டுக்குப் போதாது, ஏனென்றால் ‘ஸ்ட்ரிங் லிஸ்ட்’ என்று தனியாக ஒரு கிளாஸ் ஆப்ஜெக்ட் ஜாவாவில் கிடையாது. அதற்கு சாவியையே ஜெனரிக் ஆக்கு. ஸ்ட்ரிங்குக்குப் பதில், டி வகையைச் சுமக்கும் ஒரு சாவி கிளாஸ். போடுவதும் எடுப்பதும் அதே சாவி ஆப்ஜெக்டை வைத்துத்தான், மேப் வெளியே தெரியவே கூடாது. உள்ளே அதே அன்செக்டு காஸ்ட் ஒன்று மிஞ்சும். அப்போது சப்ரஸ்வார்னிங்ஸ் போட்டுக்கொள். ஏன் பாதுகாப்பு என்று பக்கத்தில் ஒரு வரி கமென்ட்டும் எழுது.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: உன் கோடில் கீழே, லாங் என்னும் எண் வகைக்கான செட்டில், ‘இது உள்ளே இருக்கிறதா?’ என்று கேட்கும் கன்டெய்ன்ஸ் கூப்பிட்டு வெறும் 5 கொடுத்திருக்கிறாய். அந்த மெத்தட் எந்த ஆப்ஜெக்டையும் வாங்கிக்கொள்ளும், அதனால் 5 இன்டிஜராகத்தான் உள்ளே போகிறது. இன்டிஜர் 5ம் லாங் 5ம் சமமில்லை, அதனால் பதில் எப்போதும் ஃபால்ஸ் (இல்லை). இதற்குக் கம்பைலர் முனகக்கூட இல்லை, பார்த்தாயா?