காணிக்கையை வைத்துவிட்டுப் போ

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள ராணிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். அக்காவைப் பார்த்தேன். ஆமாம், அக்காவைத்தான். பதினோரு வருஷத்துக்குப் பிறகு.

அம்மாவின் சங்கிலியை அவள் எடுத்துக்கொண்டாள் என்று நான் அழுத அழுகை உனக்குத் தெரியும். "அவளை மன்னித்துவிட்டேன்" என்று உன்னிடமே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு மத்தேயு 5ஆம் அதிகாரம் வாசித்தார்கள். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிற பகுதி. ஓய்வுநாள் பள்ளியிலிருந்து கேட்டதுதான். இந்தத் தடவை ‘உன்பேரில்’ என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அவள்மேல் எனக்கு என்ன குறை என்று அந்த வசனம் கேட்கவே இல்லை ராணி. என்மேல் அவளுக்கு என்ன குறை என்று கேட்கிறது.

அதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அம்மா படுக்கையில் கிடந்த மூன்று வருஷமும் புரட்டிப் படுக்க வைத்தவள், துடைத்துவிட்டவள், ராத்திரி கண் விழித்தவள் அக்கா. நான் மாதாமாதம் பணம் அனுப்பினேன், கிறிஸ்மஸுக்குப் போய்வந்தேன். சங்கிலியை அம்மாவே தன் கையில் கொடுத்தாள் என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. அதோடு விட்டேனா? சித்தி வீடு, அத்தை வீடு, மதுரைப் பெரியப்பா வீடு வரைக்கும் ‘திருடி’ என்று சொல்லி வைத்தேன்.

எங்கள் போதகர் பிரசங்கத்தில் ஒன்று சொன்னார். இயேசு இதைக் கலிலேயாவில் இருந்து சொல்கிறார். பலிபீடம் இருப்பதோ எருசலேமில். ஊரில் ஒருவனோடு ஒப்புரவாகிவிட்டுத் திரும்பி வா என்றால், போக வர கிட்டத்தட்ட ஒரு வாரம் நடக்க வேண்டும். அன்றைக்குத் திருவிருந்து ஆராதனை. அடுத்து நின்ற அம்மாவிடம் கைகூப்பி சமாதானம் வாங்கி, பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தேன். கைக்குக் கை சமாதானம் கொடுக்கும் அந்தப் பழைய வழக்கத்தை 1950இல் நம் தென்னிந்தியத் திருச்சபை தன் திருவிருந்து ஒழுங்கில் திரும்பக் கொண்டுவந்ததாம். பதினோரு வருஷமாக முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். மனசு கனத்துப்போய் வீட்டுக்கு வந்தேன்.

உடனே டிக்கெட் போடவில்லை. வேதத்தில் வரும் வரிவசூல்காரன் சகேயு ஞாபகம் வந்தது. அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றானே. அவன் வாங்கியது பணம், எண்ணிவிடலாம். நான் எடுத்தது அவள் பேரை. அதனால் முதலில் சித்திக்குப் போன் செய்தேன். அப்புறம் அத்தைக்கு, பெரியப்பா வீட்டுக்கு. "அக்காவைத் திருடி என்று சொன்னேனே, என் கையில் எந்த ஆதாரமும் இருந்ததில்லை. அது என் தப்பு" என்றேன். மூன்று போனுக்கும் நடுவில் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

பிறகுதான் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறினேன். அக்கா கதவைத் திறந்து "வா" என்றாள். காப்பி கொடுத்தாள். மன்னித்துக்கொள் என்று கேட்டேன். ரொம்ப நேரம் தம்ளரையே துடைத்துக்கொண்டிருந்தாள். "சித்தி போன் பண்ணினா" என்றாள். கொஞ்சம் கழித்து, "மன்னிச்சிட்டேன்னு வாயால சொல்லிரலாம். மனசு வரணும்லா. நாள் கொடு" என்றாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. கேட்பது என் வேலை. எப்போது கொடுப்பது என்பது அவள் கையில் இருக்கிறது.

இனி உன் கொழுந்தனார் விஷயம். அடமானப் பணத்தில் ஏமாற்றியவரை, ‘கிறிஸ்தவள்தானே, மன்னித்து மறுபடி கணக்கைக் கையில் கொடு’ என்று எல்லோரும் சொல்கிறார்கள் என எழுதியிருந்தாய். மன்னிப்பும் கணக்கைக் கையில் கொடுப்பதும் ஒன்றில்லை. யோசேப்பைப் பார். தன்னை விற்றுவிட்ட அண்ணன்மாரை அடையாளம் கண்டதும் கட்டிப்பிடிக்கவில்லை. தனியே போய் அழுகிறான், தானியம் கொடுத்து அனுப்புகிறான், ஆனால் தான் யாரென்று சொல்லவில்லை. அவனை விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே அண்ணன் யூதா, தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்வந்து நின்ற பிறகுதான் "நான் யோசேப்பு" என்கிறான். மனந்திரும்புதலை அவன் கண்ணால் கண்டான்.

அதற்காக அவர் திருந்தும்வரை நீ கசப்பைச் சுமக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். 1999இல் ஒடிசாவில் கணவரையும் இரண்டு சின்ன மகன்களையும் எரித்துக் கொன்றவர்களை கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தார். அவர்கள் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. வழக்கு தன் வழியில் நடந்தது, தண்டனையும் வந்தது. அவர் தொழுநோயாளிகளோடு இருந்து ஊழியத்தைத் தொடர்ந்தார். நீயும் கொழுந்தனாருக்காக ஜெபம் பண்ணு. பத்திரத்தை மட்டும் உன் பீரோவிலேயே வை.

அக்கா கருப்பட்டி கொடுத்துவிட்டாள். உனக்குப் பாதி எடுத்து வைத்திருக்கிறேன். திரும்பி வந்த பிறகு இரண்டு ஞாயிறு அவளுக்குப் போன் செய்தேன். ஒரு தடவை எடுத்தாள், ஒரு தடவை எடுக்கவில்லை. இந்த ஞாயிறும் செய்வேன்.

உன் அன்புத் தோழி